‘ஹனிமூன்’ திரைப்படமும் அதன் பார்வையாளரும்

லீ ஜேனியாக் என்னும் அமெரிக்கப் பெண் இயக்குநரின் முதல் முழுநீளப் படமாகிய ‘ஹனிமூன்’, 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடந்த ‘சவுத் பை சவுத்வெஸ்ட்’ விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. அது ஒரு திகில் படம். ஆனால் திகில் படங்களில் பழகியவர்கள் எதிர்பார்க்கும் விரைவு அதில் இல்லை. பார்த்தவர்கள் அதைக் குறித்துக் கூறிவரும் கருத்துகளை ஒருங்கே வைத்து நோக்கினால், இவர்கள் எல்லாரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்ற ஐயம் எழும். ஒரு சாரார், ஒன்றும் நடக்கவில்லை, பாதியில் உறங்கிவிட்டோம் என்பர். மற்றொரு சாரார், படம் முடிந்தபின் அருகில் அமர்ந்திருந்த தம் துணையை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டோம் என்பர். இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இறையியல் ஏட்டில் திகில் படத்திற்கு என்ன வேலை என்று கேட்போர் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். திருமண ஆராதனையை நடத்துகிறவர்கள் நாம்; மூன்று மாதம் கழித்து அதே மணமகனோ மணமகளோ இரவு பத்து மணிக்கு ஆயர் இல்லத்தின் கதவைத் தட்டும்போது எழுந்து திறக்கிறவர்களும் நாமே.

கதை சிறியது. புதிதாய் மணமான இருவர், மணமகளின் குடும்பத்தாருக்குக் கானடாவில் உள்ள ஏரிக்கரை வீடு ஒன்றிற்குத் தேனிலவுக்காகச் செல்கின்றனர். மணமகன் பெயரை நமக்குப் பழகியபடி பவுல் என்றே எழுதலாம். மணமகளின் பெயரை ஆங்கில ஒலிப்படி தமிழில் எழுதினால் அவைக்கு ஒவ்வாத சொல்லாகிவிடும். ஆகவே பியா என்று எழுதுகிறேன். படத்தின் தொடக்கத்தில் இருவரும் திருமண நாளின் ஒளிப்பதிவுக் கருவியை நோக்கித் தங்கள் காதலின் கதையைச் சிரிப்பும் நாணமுமாகச் சொல்கின்றனர். ஏரி, படகு, மீன்பிடித்தல், கேலிப்பேச்சு என்று முதற்பகுதி செல்கிறது. ஓர் இரவு பவுல் விழித்தெழுந்து மனைவியைக் காணாமல் தேடுகிறான். காட்டுக்குள் ஆடையின்றி, திகைத்து நிற்கும் அவளைக் கண்டு வீட்டிற்கு அழைத்து வருகிறான். உறக்கத்தில் நடந்துவிட்டேன், வேறொன்றும் இல்லை என்கிறாள் அவள். அது முதல் அவளிடம் சிறுசிறு மாற்றங்கள். காலையுணவு செய்யும் முறை மறந்துபோகிறது. காப்பி போடத் தெரியவில்லை. பயணப்பெட்டிக்குப் பெயர் வராமல் ‘துணிப்பெட்டி’ என்று பொருள்படும் ஒரு சொல்லை உண்டாக்கிச் சொல்கிறாள். தொடையில் காணும் காயங்களுக்குக் கொசுக்கடி என்று காரணம் கூறுகிறாள். கணவனோடு சேராதிருக்கத் தலைவலி என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் முறையைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறாள். அதை அவன் மறைந்திருந்து காண்கிறான்.

நடிகர் ஏறத்தாழ நால்வரே. அவருள்ளும் இருவரே பெரும்பாலும் திரையில் உள்ளனர்: பியாவாக ரோஸ் லெஸ்லி, பவுலாக ஹாரி டிரெட்அவே. முன்னவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர், பின்னவர் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். இருவரும் அமெரிக்கராக நடிக்கின்றனர். ஆங்கிலம் பேசும் பார்வையாளர் சிலர், நடிகையின் உச்சரிப்பில் அமெரிக்கம் ஆங்காங்கே நழுவுகிறது என்று குறை கூறுவதுண்டு. வேறு சிலர், அதுவே அவள் வேறொருத்தியாகிவருவதற்குப் பொருத்தம் என்று அக்குறையையே நிறையாக்கிப் பேசுவர். இவ்வாராய்ச்சி நமக்கு வேண்டுவதன்று. இருவர் நடிப்பையும், படத்தை வெறுப்பவர்களும்கூடப் பாராட்டுகின்றனர் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

முதன்மையான குற்றச்சாட்டு, படம் மெதுவாகச் செல்கிறது என்பது. படத்தின் நீளம் 87 நிமிடங்கள். இரண்டரை மணி நேரப் படங்களைப் பாட்டோடும் இடைவேளையோடும் பொறுமையாகப் பார்த்துப் பழகிய நம்மவரும் இந்த 87 நிமிடத்தை நீளம் என்கின்றனர் என்றால், அவர்கள் குறைகூறுவது கடிகாரத்தை அன்று. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே காத்திருத்தலின் நீளம் அமைகிறது. பேய் எப்போது வரும் என்று காத்திருப்பவனுக்கு, மணமக்கள் காலையுணவு பற்றிப் பேசும் காட்சி வெறும் தாமதம். இவ்விருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்திருக்கின்றனர் என்று கவனிப்பவனுக்கோ அக்காட்சியே கதை.

இதில் நான் இயக்குநரின் பக்கம். மெதுவாகச் செல்லும் இவ்வகைப் படத்தின் செய்முறை எளிதில் விளங்கக்கூடியது. ஒருத்தி மாறிவிட்டாள் என்று நாம் அஞ்ச வேண்டுமானால், மாறுவதற்கு முன் அவள் எப்படி இருந்தாள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் சிரிக்கும் விதம், கணவனைச் சீண்டும் விதம், சமையலறையில் அவளுடைய கைப்பழக்கம் ஆகியவை நம் மனத்தில் பதிய நேரம் தேவை. அதைக் கொடுக்காமல் நேரே காட்டுக்குள் சென்றிருந்தால், துணிப்பெட்டி என்ற சொல் ஒரு நாத்தவறாகவே நம் காதில் பட்டிருக்கும். இப்போதோ அது வயிற்றைக் கலக்குகிறது. ஒரு சொல்லால் பார்வையாளரை அஞ்ச வைக்கும் ஆற்றல், அதற்கு முன் செலவிட்ட அரை மணி நேரத்தின் பயன். முதற்பகுதியிலேயே, கருப்பையைப் பற்றிப் பவுல் விளையாட்டாக ஒன்று சொல்லிவிட, பிள்ளைப்பேறு குறித்து இருவரும் இதுவரை மனம்விட்டுப் பேசியதில்லை என்பது வெளிப்பட்டு, ஒரு சங்கடமான அமைதி நிலவுகிறது. படத்தை மெது என்று தள்ளியவர்களிற் பலர் இக்காட்சியைக் குறிப்பிடுவதே இல்லை. என் கணிப்பில் படத்தின் முதல் அச்சம் அங்கேதான் பிறக்கிறது. அப்போது காட்டில் எந்த ஒளியும் தோன்றியிருக்கவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, கணவன் அறிவிலி என்பது. முதல் இரவே அவளை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றிருந்தால் கதை முடிந்திருக்கும் அன்றோ என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் திருமணமாகிச் சில நாட்களே ஆன ஒருவன், ‘உனக்கு ஏதோ ஆகிவிட்டது’ என்று மனைவியிடம் சொல்லத் தயங்குவதை அறிவின்மை என்று கொள்வது, குடும்ப வாழ்க்கையை அறியாதவர் கூற்று. நாற்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்தவர்களே அதைச் சொல்லத் தயங்குகின்றனர்.

மூன்றாவது, முடிவைப் பற்றியது. இதற்குமேல் கதையின் இறுதியைச் சொல்லாமல் எழுத இயலாது. படத்தைப் பார்க்க விரும்புவோர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பவுல் மனைவியைக் கட்டிலில் கட்டிவைத்து, தங்களிருவருக்கு மட்டுமே தெரிந்தவற்றைக் கேட்டுச் சோதிக்கிறான். அவள் உடலினுள் மனிதருக்குரியதல்லாத ஒன்று வைக்கப்பட்டிருப்பது அருவருப்பான ஒரு காட்சியில் புலனாகிறது. இறுதியில் அவள் அவனைக் கட்டிப் படகில் ஏற்றி, நங்கூரத்தோடு பிணைத்து ஏரியில் அமிழ்த்திவிடுகிறாள். அவனை மறைத்துக் காப்பதாகவே எண்ணி அதைச் செய்கிறாள். காட்டில் ஒளியோடு வந்தவர்கள் யார், எங்கிருந்து வந்தனர், எதற்காக வந்தனர் என்பதைப் படம் சொல்வதில்லை. பார்வையாளரிற் பெரும் பகுதியினர் சினங்கொள்வது இங்கேதான். இவ்வளவு நேரம் காக்கவைத்துவிட்டு விடை தராமல் அனுப்புவது ஏமாற்று என்கின்றனர்.

நானும் முடிவில் மனக்குறையுற்றவனே. ஆனால் என் குறை நேர்மாறானது. படம் தேவைக்குக் குறைவாக விளக்கியது என்பது அவர்கள் முறையீடு. தேவைக்கு அதிகமாகக் காட்டிவிட்டது என்பது என் முறையீடு. காரணத்தைக் கூற வேண்டுமானால் இப்படத்தின் முன்னோர்களைச் சற்று நோக்க வேண்டும்.

நம்மோடிருப்பவர் அவர் அல்லர், அவரைப்போன்ற வேறொருவர் என்னும் அச்சம் பழமையானது. டான் சீகல் 1956இல் இயக்கிய ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ படத்தில் ஒரு சிற்றூர் மக்கள் ஒவ்வொருவராக இவ்வாறு முறையிடுகின்றனர். முகம் அதே, குரல் அதே, நினைவுகளும் அவையே. ஆயினும் ஏதோ ஒன்று இல்லை என்கின்றனர். ரோமன் போலான்ஸ்கியின் ‘ரோஸ்மேரிஸ் பேபி’ 1968இல் வந்தது. அங்கே அஞ்சுகிறவள் மனைவி. தன் நடிப்புத் தொழிலின் உயர்வுக்காகக் கணவன் அவள் உடலையே அயலாருக்குப் பேரம் பேசி விற்றுவிட்டான் என்பதை அவள் கண்டறியும்வரை நாம் அவள் கண்ணால் பார்க்கிறோம். ‘ஹனிமூன்’ அப்படத்தைத் திருப்பிப் போட்டதுபோல் உள்ளது. இங்கும் ஒரு பெண்ணின் உடல் அவள் இசைவின்றிக் கைக்கொள்ளப்படுகிறது. ஆனால் நாம் அதைக் கணவன் கண்ணாலேயே பார்க்கிறோம். கருவி அவன் தோளருகே நிற்கிறது. அவன் காணாததை நாம் காண்பது மிக அரிது. பார்வையாளரிற் பலர் பவுலுக்காக இரங்கியும் பியாவைக் கண்டு அஞ்சியும் வெளியேறுவதற்கு இதுவே காரணம். யாருடைய கண்ணால் பார்க்கும்படி நம்மை அமர்த்தினார்களோ அவருடைய வழக்கையே நாம் வாதாடுகிறோம். நம்மை அமர்த்தியதை மறந்தும்விடுகிறோம்.

திரைக்கு வெளியிலும் இவ்வச்சம் உண்டு. 1923ஆம் ஆண்டில் பிரெஞ்சு மனநோய் மருத்துவரான ஜோசப் காப்கிரா, தம் உடன்பணியாளர் ஒருவருடன் சேர்ந்து, தன் கணவரும் பிள்ளைகளும் மாற்றப்பட்டு அவர்களைப்போன்ற அந்நியர் தன் வீட்டில் வாழ்கின்றனர் என்று உறுதியாய் நம்பிய பெண் ஒருத்தியின் நிலையை விவரித்தார். அந்நிலை இன்றும் காப்கிரா பெயரால் அறியப்படுகிறது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மாறிவிட்டதாகச் சொல்லப்படுகிறவரிடம் அன்று, சொல்லுகிறவரிடமே நோய் இருக்கக்கூடும். ஒரு வீட்டிற்குள் இருவரே இருக்கையில், எவர் மாறினார் என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாமவர் இல்லை.

தீர்ப்புச் சொல்லும் மூன்றாமவர் பலர் இருந்தும் நடந்த ஒரு கொடுமையை இங்கே நினைவுகூர வேண்டும். அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்தில், பாலிவாட்லி என்னும் சிற்றூரில் பிரிஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் வாழ்ந்தாள். தையற்கலை கற்றவள், சொந்தமாகச் சம்பாதித்தவள். 1895ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவள் நோயுற்றாள். இவள் என் மனைவியன்று, வன தேவதைகள் அவளைக் கொண்டுபோய் இவளை வைத்துவிட்டன என்று அவள் கணவன் மைக்கேல் கிளியரி நம்பலானான். மூலிகைகள் ஊட்டப்பட்டன. நீ பிரிஜெட்தானா, என் மனைவிதானா என்று கடவுளின் பெயரால் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. அவள் சொன்ன விடை எதுவும் போதவில்லை. மார்ச் 15 இரவு அவன் அவளை எரித்தான். ஒரு வாரம் கழித்து அவளுடல் ஆழமற்ற குழியொன்றில் கண்டெடுக்கப்பட்டது. இவற்றின்போது வீட்டில் அவள் தகப்பனும் உறவினரும் அயலாரும் இருந்தனர். அந்நாட்களில் மருத்துவர் வந்து மருந்து கொடுத்துச் சென்றார். குருவானவரும் வந்து அவ்வீட்டிலேயே வழிபாடு நடத்திச் சென்றார். கொலைக்குற்றத்தினும் குறைந்த குற்றமாகக் கொண்டு மைக்கேலுக்கு இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1910இல் அவன் விடுதலையானான்.

இப்போது படத்திற்குத் திரும்புவோம். பவுல் தன் மனைவியைக் கட்டிவைத்து விசாரிக்கும் காட்சியும், மைக்கேல் தன் மனைவியை விசாரித்ததும் செயலளவில் ஒன்றே. வேறுபாடு யாது? படத்தில் கணவனின் ஐயம் மெய்யென நிறுவப்படுகிறது. அவள் உடலிலிருந்து வெளிவரும் அந்தப் புழுப்போன்ற பொருள் அவனை நியாயப்படுத்திவிடுகிறது. கட்டியது சரி, வற்புறுத்தியது சரி, உண்மையிலேயே அங்கு ஒன்று இருந்தது என்று பார்வையாளர் மூச்சுவிடுகின்றனர். ஒரு மணி நேரத்திற்கு மேலாகப் படம் எழுப்பிவந்த கேள்வி, அன்பு எந்த நொடியில் விசாரணையாக மாறுகிறது என்பது. அக்கேள்வியை அப்பொருள் விழுங்கிவிடுகிறது. ஆகவேதான், காட்டில் வந்தவர்களைக் குறித்து இன்னும் விளக்கம் வேண்டும் என்று கேட்பவர்களோடு நான் சேர இயலவில்லை. அவர்கள் கேட்பது பவுலுக்கு இன்னும் உறுதியான நற்சான்று.

ஆயினும் இயக்குநருக்கு இழைக்கக்கூடாத அநீதி ஒன்று உண்டு. படத்திலேயே பவுலுக்கு எதிரான சாட்சி ஒன்றை அவர் வைத்திருக்கிறார். பியா மறைத்து வைத்திருந்த குறிப்பேட்டைப் பவுல் கண்டெடுக்கிறான். அதில் அவள் தன் பெயரையும் தன் கணவன் பெயரையும் தங்களைப் பற்றிய செய்திகளையும் மீண்டும் மீண்டும் எழுதியிருக்கிறாள். பவுல் அதைக் குற்றச்சான்றாகப் படிக்கிறான். என் மனைவியாக நடிக்க இவள் பாடம் படித்திருக்கிறாள் என்று கொள்கிறான். பார்வையாளரிலும் பெரும்பான்மையோர் அவ்வாறே கொண்டு, படத்தின் மிக அச்சமூட்டும் காட்சி அது என்கின்றனர். மிகச் சிலரே வேறு விதமாகப் படித்துள்ளனர். தன்னுள்ளிருந்து எல்லாம் வடிந்துகொண்டிருப்பதை உணர்ந்த ஒருத்தி, கணவனை மட்டுமாவது இழந்துவிடாதிருக்க இரவோடிரவாக எழுதிவைத்த ஏடு அது என்பது அவர்கள் வாசிப்பு. இச்சிறுபான்மையோர் சொல்வதே சரி என்பது என் துணிபு. அவள் அவனை ஏமாற்ற முயன்றிருந்தால் தப்பிச்செல்ல எத்தனையோ வழி இருந்தது. அவள் காட்டிற்குள் போய்விடாமல் அவனோடு வீட்டில் தங்கியிருந்ததற்கு அந்த ஏட்டைத் தவிர வேறு காரணம் படத்தில் இல்லை. இறுதியில் அவனை ஏரியில் அமிழ்த்தும்போதும் அவள் நினைவில் எஞ்சியிருப்பது அவனைக் காக்க வேண்டும் என்ற ஒன்றே. எப்படிக் காப்பது என்பதுதான் அழிந்துவிட்டது. காப்பியும் பயணப்பெட்டியும் மறந்தவள் கணவனை மறக்கவில்லை. படத்தின் துயரம் இதுவே. திகில் என்று பெயரிட்டு விற்றதனால் பலர் இத்துயரத்தைக் காணாமல் போயினர்.

எபிரேய மொழியில் அறிதலைக் குறிக்கும் ‘யாதா’ என்ற வினை, கணவன் மனைவி கூடுதலையும் குறிக்கும் என்பது நம் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் செய்தி. அதைக் கொண்டு மணமக்களுக்கு அழகிய அருளுரைகள் ஆற்றுகிறோம், நானும் ஆற்றியுள்ளேன். திருமணம் என்பது ஒருவரையொருவர் முழுமையாய் அறிதல் என்கிறோம். இப்படத்தைப் பார்த்தபின் அவ்வருளுரையை அப்படியே சொல்ல எனக்குத் துணிவில்லை. பவுலுக்கும் அதுவே கோட்பாடு. அவன் தன் மனைவியை முழுமையாய் அறிந்தவன் என்று நம்பினான்; ஆகவேதான் அறியாத ஒன்று எதிர்ப்பட்டபோது, இவள் அவளல்லள் என்ற முடிவைத் தவிர அவனுக்கு வேறு முடிவு கிடைக்கவில்லை. திருமண வாக்குறுதியோ அறிவின்மேல் கட்டப்பட்டதன்று. நோயிலும் நலத்திலும் என்று சொல்லும்போது, இன்று அறிந்திராத ஒருவரோடும் நிலைத்திருப்பேன் என்றே மணமக்கள் வாக்களிக்கின்றனர். அவர்களிற் பலர் அதை அறியாமலே சொல்கின்றனர். சொல்லிக்கொடுக்கும் நாமும் விளக்குவதில்லை. நினைவிழப்பு நோயுற்றோரைக் குறித்து ஸ்காட்லாந்து நடைமுறை இறையியலாளர் ஜான் ஸ்வின்டன் 2012இல் வெளியிட்ட நூல் இவ்விடத்தில் பயன் தரும். ஒருவர் யார் என்பது அவருடைய நினைவாற்றலில் தங்கியிருப்பதன்று, கடவுள் அவரை நினைந்திருப்பதில் தங்கியுள்ளது என்பது அதன் மையக் கருத்து. இதை ஏற்றால், பியாவைச் சோதிக்கப் பவுல் கேட்ட கேள்விகள் அனைத்தும் தவறான தேர்வின் வினாத்தாள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, என்னைப்பற்றிய ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பேற்றிருந்த ஒரு கிராமச் சபையில் இளைஞர் ஒருவர் வந்து, “ஐயா, வீட்டுல இருக்கிறது எம் பொஞ்சாதி இல்ல, வேற யாரோ” என்றார். குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அவள் குழந்தையைத் தூக்குவதில்லை, உறங்குவதில்லை, கேட்டால் விடை இல்லை என்றார். மூப்பர் இருவரை அழைத்துக்கொண்டு சென்றேன். பாட்டுப் பாடினோம். கணவரிடம் கேட்டேன், மாமியாரிடம் கேட்டேன், அண்டை வீட்டாரிடமும் கேட்டேன். எல்லாரும் ஒரே விதமாய்ச் சொன்னார்கள். அவள் தலைமேல் கைவைத்து, அவளை விட்டுப் போ என்று யாரையோ அதட்டி ஜெபித்தேன். அவள் அசையாமல் இருந்தாள். அமைதியடைந்துவிட்டாள் என்று மகிழ்ந்து வீடு திரும்பினோம். மகப்பேற்றுக்குப்பின் வரும் மனச்சோர்வைப் பற்றி நான் படித்திராதவன் அல்லன். படித்தது அந்த வீட்டு வாசலில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. சில மாதம் கழித்து அவளுடைய அக்காள் வந்து அவளைத் தம் ஊருக்கு அழைத்துச்சென்று மருத்துவரிடம் காட்டினார். அவள் நலமடைந்து மீண்டும் ஆலயத்திற்கு வந்த ஞாயிறன்று, எல்லாரும் கைகுலுக்கிச் சென்றபின் என்னிடம் வந்து, “அன்னைக்கு எல்லார்கிட்டயும் கேட்டீங்க, ஐயா” என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள்.

படத்தில் குறிப்பேட்டுக் காட்சி வந்தபோது எனக்கு நினைவில் எழுந்தது அவள் முகமே. எனவே இப்படத்தைப் பற்றிய என் கருத்தும் ஒரு பார்வையாளரின் கருத்தே. நடுநிலையானது என்று வாதாட மாட்டேன்.

நம் வகுப்பறைகளில் இதைப் பயன்படுத்த எண்ணுவோருக்கு ஒரு சொல். வாலிபர் ஐக்கியக் கூட்டங்களில் காட்டத் தக்க படம் அன்று இது. உடலுறவுக் காட்சிகளும் அருவருப்பான காட்சிகளும் உள்ளன. முன்கூட்டி ஒருமுறை தனியே பார்க்காமல் எவருக்கும் காட்டலாகாது. நான் ஆயர் பணிப் பயிற்சி பெறும் திருமணமான மாணவருக்கும் அவர்தம் துணைவியருக்கும் இதை இருமுறை காட்டியுள்ளேன். முதல் ஆண்டு முழுவதையும் காட்டினேன். கலந்துரையாடலில் ஆண்கள் பெரும்பாலும் காட்டில் வந்தவர்கள் யார் என்பது பற்றியே பேசினர். ஒருவர் பிசாசு என்றார், ஒருவர் வேற்றுக்கோளத்தார் என்றார், அதில் அரை மணி நேரம் சென்றது. படம் ஆமை வேகம் என்பதில் மட்டும் ஒற்றுமை இருந்தது. துணைவியர் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு குறிப்பேட்டுக் காட்சியோடு நிறுத்திவிட்டு விளக்கைப் போடச் சொன்னேன். இவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேளாமல், இவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். இம்முறை முதலில் பேசியது ஒரு மாணவரின் மனைவி. அவர் செவிலியர். அந்த ஏட்டை அவன் அவளிடமே கொடுத்து, இதை நீ எப்போது எழுதினாய் என்று கேட்டிருக்க வேண்டும் என்றார். அவருடைய கணவர், அவள் பொய் சொன்னால் என்ன செய்வது என்றார். பொய் சொன்னாலும் கேட்டிருக்க வேண்டும் என்றார் அவர். அதன் பின் எங்கள் பேச்சு படத்தை விட்டு வெகுதூரம் சென்று, அவரவர் வீட்டுக் கதைகளாயிற்று. அவற்றை இங்கே எழுதலாகாது. படம் மெதுவாகச் செல்கிறது என்று அன்று எவரும் கூறவில்லை. எஞ்சிய பகுதியையும் பார்த்துவிட வேண்டும் என்று பலர் வற்புறுத்தவே, இரவு வெகுநேரம் ஆகிவிட்டபோதிலும் போட்டுக்காட்டினேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், இந்தக் கடைசிப் பகுதிதான் ஐயா மிகவும் நீளம் என்றார்.